மோசமான குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க அரசு எடுக்கும் முயற்சியைக் கண்காணிப்பது எப்படி? இந்தியாவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாவட்டத்தின் ஆண்டறிக்கையில் 'மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்: 0' என்று இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. குழந்தைகள் யாரும் வேலையில் இல்லை. அல்லது யாரும் போய்ப் பார்க்கவில்லை. அதே இடத்தில் 300 என்று இருந்தாலும் சந்தேகம் தீராது. அந்த முந்நூறு பேரில் எத்தனை பேருக்காக வழக்குப் பதிவானது, எத்தனை பேர் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்தப்பட்டார்கள், எத்தனை பேர் அடுத்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்? இந்த மூன்று எண்களும் மூன்று துறைகளிடம் தனித்தனியாக இருக்கின்றன. தொழிலாளர் துறையின் எண்ணைக் காவல் துறையின் எண்ணோடும், அதைப் பள்ளிக் கல்வித் துறையின் எண்ணோடும் ஒட்டிப் பார்க்கும்போதுதான் ஓட்டை எங்கே என்று தெரியும். கண்காணிப்பவரின் வேலை பெரும்பாலும் இந்த ஒட்டுகளைச் சோதிப்பதுதான்.

தொண்டு நிறுவனம், தொழிற்சங்கம், பத்திரிகையாளர், சட்ட மாணவர் என யாரும் இதைச் செய்யலாம். முதல் முறை செய்பவர்கள் நாடு முழுவதையும் கையில் எடுக்க வேண்டாம். சட்டத்தை நாட்டளவில் படியுங்கள். அமலாக்கத்தை ஒரு மாநிலத்தின் இரண்டு மூன்று மாவட்டங்களில் பாருங்கள். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதில், மேல்முறையீடு, களப்பணி எல்லாம் சேர்த்து ஆறு மாதமாவது ஆகும்.

படி 1: எதை அளக்கிறோம் என்பதை எழுதி வையுங்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 182-ஆம் உடன்படிக்கை 1999 ஜூன் 17 அன்று ஏற்கப்பட்டு, 2000 நவம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020 ஆகஸ்டில் டோங்கா ஏற்பு வழங்கியதோடு, அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கை என்ற இடத்தைப் பிடித்தது. இந்தியா 2017 ஜூன் 13 அன்று இதையும், குறைந்தபட்ச வயது பற்றிய 138-ஆம் உடன்படிக்கையையும் சேர்த்து ஏற்றது. குறைந்தபட்ச வயதாக 14-ஐ அறிவித்தது.

182-ஆம் உடன்படிக்கையில் 'குழந்தை' என்றால் 18 வயது நிரம்பாதவர். மூன்றாம் பிரிவு நான்கு வகைகளைச் சொல்கிறது. அடிமைமுறை, கடன் கொத்தடிமை, ஆள் கடத்தல், ஆயுத மோதலில் கட்டாயமாகச் சேர்த்தல் ஆகியவை முதல் வகை. பாலியல் தொழிலிலும் ஆபாசப் படங்களிலும் பயன்படுத்துவது இரண்டாவது. போதைப்பொருள் போன்ற சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்துவது மூன்றாவது. உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு தரும் அபாயகரமான வேலை நான்காவது.

இந்தியாவில் இந்த நான்கும் ஒரே சட்டத்தின் கீழ் வருவதில்லை. கொத்தடிமைக்கு 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். அது வருவாய்த் துறையின் கையில். ஆள் கடத்தலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு. அது காவல் துறையிடம். பாலியல் சுரண்டலுக்கு போக்சோ சட்டமும் 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டமும். போதைப்பொருளைச் சுமக்க வைப்பதற்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு. குற்றம் செய்யக் குழந்தையைக் கூலிக்கு அமர்த்துவதற்கு நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவு. அபாயகரமான வேலைக்கு மட்டும்தான் 1986-ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத்தினர் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தும் சட்டம். அது தொழிலாளர் துறையிடம்.

பலர் சறுக்குவது இங்கேதான். தொழிலாளர் துறையிடம் மட்டும் கேட்டு வாங்கிய எண்ணை வைத்து 'மோசமான வடிவங்கள் குறைந்துவிட்டன' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் மூன்று வகைகளும் அந்த எண்ணுக்குள் வரவே வராது. ஒரு தாளில் நான்கு வகைகளை இடப்பக்கம் எழுதி, எதிரே சட்டம், பொறுப்பான அலுவலகம், அந்த அலுவலகத்திடம் இருக்கும் பதிவேடு என மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை.

படி 2: சட்டத்தை உடன்படிக்கையோடு வைத்துப் படியுங்கள்

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை 'வளரிளம் பருவத்தினர்' என்று தனியாகப் பிரித்து, அட்டவணையில் உள்ள அபாயகரமான தொழில்களிலிருந்து மட்டும் விலக்கியது. இரண்டு விதிவிலக்குகளும் வந்தன: அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம், சர்க்கஸ் நீங்கலாகக் கலைஞராக நடிக்கலாம்.

அட்டவணையை வரிவரியாகப் படியுங்கள். 2016-க்கு முன் 18 தொழில்களும் 65 செய்முறைகளும் கொண்ட பட்டியல் இருந்தது. திருத்தம் அதைச் சுரங்கம், தீப்பற்றும் அல்லது வெடிக்கும் பொருட்கள், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லும் அபாயகரமான செய்முறைகள் என மூன்றாகச் சுருக்கியது. எதிர்ப்புக்குப் பிறகு 2017 ஆகஸ்டில் 'அ', 'ஆ' என இரண்டு பகுதிகள் கொண்ட அட்டவணை வந்தது. முதல் பகுதி வளரிளம் பருவத்தினருக்கும் குழந்தைகளுக்கும் பொருந்தும். இரண்டாம் பகுதி, குழந்தைகள் குடும்பத் தொழிலாக இருந்தாலும் உதவக் கூடாத வேலைகளைச் சொல்கிறது. நீங்கள் பார்க்கப் போகும் தொழில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே உறுதி செய்யுங்கள். பதினாறு வயதுப் பையன் செய்யும் வேலை இரண்டாம் பகுதியில் மட்டும் இருந்தால் இந்தச் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் உடன்படிக்கையின் அளவுகோலில் அபாயகரமாக இருக்கலாம். அந்த இடைவெளி உங்கள் அறிக்கையில் ஒரு தனிப் பத்தியாக வர வேண்டியது. இணையத்தில் கிடைக்கும் சட்டப் பிரதிகள் பலவற்றில் பழைய அட்டவணைதான் இருக்கும். அரசிதழ்ப் பிரதியையே எடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது குடும்ப விதிவிலக்கு. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி குழந்தை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை உதவக் கூடாது. ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உதவக் கூடாது. பள்ளியில் படிக்கும் குழந்தை தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமையாசிரியர் மாவட்டப் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி கண்காணிப்பவருக்குக் கிடைத்த நல்ல கருவி. ஆண்டில் எத்தனை தகவல்கள் அப்படி வந்தன என்று கேட்டாலே விதி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வயது முரண்பாடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரைதான். ஆக, பதினைந்து வயதுப் பெண்ணை நூற்பாலையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் அவளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமையுள்ள பள்ளி எதுவும் இல்லை. தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 டிசம்பரில் தாக்கல் செய்த அறிக்கையும், சட்டத்துக்குச் சட்டம் குழந்தையின் வயது மாறுவதைச் சுட்டிக்காட்டியது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குள் போகவில்லை, தனியாகவே நிற்கிறது. தொழிற்சாலைகள் சட்டம் போய்விட்டது. அட்டவணை அந்தப் பழைய சட்டத்தைச் சுட்டும் இடங்களை மாவட்ட அலுவலர்கள் இப்போது எப்படிப் படிக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 3: எண்களை எடுப்பதற்கு முன் அவை எதை எண்ணின என்று பாருங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5 முதல் 14 வயதுக்குட்பட்ட உழைக்கும் குழந்தைகள் சுமார் 1.01 கோடி. அரசு பதில்களில் அடிக்கடி வரும் 43.53 லட்சம் என்பது அவர்களில் ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்த 'முதன்மைத் தொழிலாளர்' மட்டும். இரண்டுமே சரியான எண்கள்தான். ஒன்றை எடுத்து மற்றொன்றோடு ஒப்பிட்டால்தான் தவறு. 2001-இன் 1.26 கோடியை 2011-இன் 43.53 லட்சத்தோடு வைத்து 'மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது' என்று எழுதுவது இந்தத் துறையில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. 1.26 கோடியில் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் உழைத்தவர்களும் அடக்கம்.

இந்த எண்களில் 15 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் இல்லை. வீட்டு வேலை 'உழைப்பு' என்று கணக்கில் வரவில்லை. அதனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு சமைத்துக்கொண்டு பள்ளியை விட்ட பெண் குழந்தை இதில் எங்குமே இல்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027-இல்தான்.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-இல் தொடங்கி, 2021-22 முதல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தோடு இணைக்கப்பட்டது. மாவட்ட அளவில் குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்புக்கான பணமும் பொறுப்பும் பழைய திட்டத்தோடுதான் இருந்தன. இணைப்புக்குப் பிறகு உங்கள் மாவட்டத்தில் அந்தக் கணக்கெடுப்பை யார், எந்தத் தலைப்பில் செய்கிறார்கள் என்று தொழிலாளர் துறை, கல்வித் துறை இரண்டிடமும் கேளுங்கள். இருவரும் அடுத்தவரைக் கைகாட்டினால் அந்த இரண்டு கடிதங்களே ஓர் ஆதாரம்.

கடத்தப்பட்ட குழந்தை, பூட்டிய பட்டறைக்குள் இருக்கும் குழந்தை ஆகியோர் வீடுவீடாகப் போகும் எந்தக் கணக்கெடுப்பிலும் வரமாட்டார்கள். இவர்களுக்கு இரட்டைப் பட்டியல் முறை உதவும். ஒரு பகுதியில் தொண்டு நிறுவனம் ஒன்று 60 குழந்தைகளை அறிந்திருக்கிறது, தொடர்பே இல்லாத வேறொரு வழியில் உங்களுக்கு 50 பேர் தெரிகிறது, இரண்டு பட்டியலிலும் 20 பேர் பொதுவாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 50-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 150. அந்தப் பகுதியில் ஏறத்தாழ அத்தனை பேர் இருக்கலாம். இரண்டு பட்டியலும் ஒரே தகவலாளியிடமிருந்து வந்திருந்தால் பொதுப் பெயர்கள் கூடி, மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பெயர்களை ஒப்பிடும்போது குழந்தையின் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேலையிடத்தில் பெயர் மாற்றி அழைப்பது சாதாரணம்.

படி 4: அமலாக்கச் சங்கிலியைப் பின்தொடருங்கள்

வேலையின் பாதி நேரம் இதற்கே போகும். ஒரு குழந்தை மீட்கப்பட்ட நாளிலிருந்து நடக்க வேண்டியவை: 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்துதல், வயதை உறுதி செய்தல், முதல் தகவல் அறிக்கை, கொத்தடிமை என்றால் சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்றிதழ், உடனடி உதவித்தொகை, பள்ளியில் அல்லது பள்ளிக்குத் தயார்படுத்தும் இணைப்பு மையத்தில் சேர்க்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மீதித் தொகை. இந்த ஒன்பதையும் ஒரு வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை குழந்தைகள் மிச்சம் என்று எழுதுங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ, அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு.

பணம் எங்கே நின்றுபோகிறது என்பதற்கு ஒரு நுட்பமான இடம் உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆ பிரிவு மாவட்டந்தோறும் மறுவாழ்வு நிதி ஒன்றை ஏற்படுத்தச் சொல்கிறது. முதலாளி கட்டும் அபராதம் அதில் சேரும். அரசு தன் பங்காக ஒவ்வொரு குழந்தைக்கும் 15,000 ரூபாய் சேர்க்க வேண்டும். சட்ட வாசகத்தைக் கூர்ந்து பாருங்கள்: எந்தக் குழந்தைக்காக அபராதத் தொகை நிதியில் சேர்ந்ததோ அந்தக் குழந்தைக்குத்தான் அரசின் 15,000. அபராதம் இல்லையென்றால் அரசுப் பங்கும் இல்லை. எனவே நிதிக் கணக்கின் வங்கி இருப்பைக் கேட்டு வாங்கினால், எத்தனை வழக்குகள் உண்மையில் முடிந்தன என்பதை உத்தேசமாகக் கணித்துவிடலாம். 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா – தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைகளை முன்வைத்து, முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தொகை வசூலானதா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்காதீர்கள்.

தண்டனையும் தெரிந்திருக்க வேண்டும்: 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தைக் கடத்தலுக்குக் குறைந்தது பத்து ஆண்டு. ஒரே சம்பவத்துக்கு எந்தச் சட்டப் பிரிவு போடப்பட்டது என்று பார்த்தாலே நிர்வாகத்தின் மனம் தெரியும். ஜெய்ப்பூர் வளையல் பட்டறைகளுக்கு பீகாரின் கயை பக்கமிருந்து தரகர் கொண்டுவந்த குழந்தைக்கு வெறும் குழந்தைத் தொழிலாளர் வழக்கு மட்டும் போட்டால், தரகர் குற்றவாளிப் பட்டியலிலேயே வரமாட்டார்.

ஆர்டிஐ மனுவில் 'ஏன்' என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் இருப்பதை மட்டுமே தர அலுவலருக்குக் கடமை. தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு. மனுவில் இப்படிக் கேளுங்கள்:

– கடந்த மூன்று நிதியாண்டுகளில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த ஆய்வுகள், ஆண்டுவாரியாக, நிறுவன வகைவாரியாக.
– அவற்றில் கண்டறியப்பட்டவர்கள், 14 வயதுக்குக் கீழ், 14–18 எனத் தனித்தனியாக.
– தொடுத்த வழக்குகள், தீர்ப்பானவை, தண்டனை, விடுதலை, இணக்கமாக முடித்தவை.
– 14ஆ நிதியின் வரவு, செலவு, இருப்பு.
– மாவட்டப் பணிக்குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்.

கடைசிக் கேள்வி முக்கியமானது. விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான பணிக்குழு மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு குறிப்புகள் இருக்க வேண்டும். நான்குதான் வந்தது என்றால் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. பன்னிரண்டும் வந்து, எல்லாவற்றிலும் ஒரே வாசகம் தேதி மாற்றி இருந்தால் அதையும் படி எடுத்து இணையுங்கள்.

'ஆய்வுகள் 4,000' என்பது போன்ற எண் வந்தால் உடனே நிறுவன வகையைப் பாருங்கள். டீக்கடை, மெக்கானிக் ஷெட், ஜவுளிக்கடை என்று கடைவீதியிலேயே ஆய்வு முடிந்திருக்கும். சூளை, விதைப்பண்ணை, கிடை ஆடு, வீட்டு வேலை எதுவும் அதில் இருக்காது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி, பீகாரின் நவாதா மாவட்டங்களின் மைக்காப் பகுதி இதற்கு உச்சம். வனச் சட்டத்துக்குப் பிறகு சுரங்கங்கள் பெரும்பாலும் சட்டப்படி மூடியவை. குடும்பங்கள் காட்டுக்குள் கிடக்கும் துண்டு மைக்காவைப் பொறுக்கி வியாபாரிக்கு விற்கின்றன. குழந்தைகளும் கூடப் போகிறார்கள். ஆவணத்தில் சுரங்கமும் இல்லை, முதலாளியும் இல்லை. எனவே ஆய்வும் இல்லை, வழக்கும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் விகிதம் பார்க்க வகுக்கும் எண்ணே தவறு. பதிவான நிறுவனங்களைக் கொண்டு வகுக்காமல், அந்தப் பகுதியின் பள்ளி வயதுக் குழந்தைகளைக் கொண்டு வகுங்கள்.

படி 5: களம்

தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. அதைத் தவறவிட்டுப் போனால் காலி இடத்தைத்தான் பார்ப்பீர்கள். தமிழ்நாட்டில் செங்கல் சூளை பொதுவாகப் பொங்கலை ஒட்டித் தொடங்கி மழைக்கு முன் முடியும். கலப்பினப் பருத்தி விதைப் பண்ணைகளில் மொட்டின் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்து மகரந்தம் தடவும் காலத்தில்தான் சின்னக் கைகளைத் தேடுவார்கள். பட்டாசுக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். ஆய்வுத் தேதிகளை ஆர்டிஐ-யில் வாங்கி இந்த நாட்காட்டி மேல் வைத்துப் பாருங்கள். பருவம் முடிந்தபின் நடந்த சூளை ஆய்வு ஒப்புக்குச் செய்ததுதான்.

சூளையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குப் பேசப்படும். பற்றுப் புத்தகத்தில் புருஷன் பெயர் மட்டும் இருக்கும். மனைவியும் குழந்தைகளும் எந்தத் தாளிலும் இல்லை. விடியலுக்கு முன் மண் பிசைந்து கல் அறுப்பது பெரியவர்கள். காயும் கல்லைத் திருப்பிப் போடுவதும், அடுக்குவதும், மணல் தூவுவதும் குழந்தைகள். 'குழந்தைகள் வேலை செய்வதில்லை, கூட இருக்கிறார்கள்' என்பதுதான் எப்போதும் வரும் பதில். அதைச் சோதிக்க எளிய வழி: வாரக் கணக்கில் அந்தக் குடும்பம் எத்தனை கல் அறுத்தது என்று பாருங்கள், குழந்தையில்லாத தம்பதி எத்தனை அறுத்தார்கள் என்று பாருங்கள். வித்தியாசம் தொடர்ந்து ஒரே பக்கம் இருந்தால் குழந்தைகளின் கை அந்தக் கணக்கில் இருக்கிறது. முன்பணம் எவ்வளவு, போன பருவத்தின் பாக்கி எவ்வளவு இதில் ஏறியது, ஊருக்குப் போய்வர விடுகிறார்களா, யாராவது ஒருவரை நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். இவற்றில் ஒன்றிரண்டுக்கு 'ஆமாம்' என்றாலே விஷயம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்துவிடும்; மறுவாழ்வுத் தொகையும் மாறிவிடும். மத்திய அரசின் திட்டப்படி கொத்தடிமையிலிருந்து மீண்ட குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம், உடனடி உதவியாக 30,000 வரை. இறுதித் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் பலருக்கு உடனடித் தொகையோடு கதை நின்றுவிடுகிறது.

குழந்தையிடம் 'நீ வேலை செய்கிறாயா?' என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்று சொல்லப் பழக்கியிருப்பார்கள். 'நேற்றுக் காலை எத்தனை மணிக்கு எழுந்தாய்? பிறகு?' என்று தொடங்கி இரவு படுக்கும் வரை போங்கள். நூற்பாலை விடுதியில் எல்லோரும் பதினெட்டு என்பார்கள். எட்டாம் வகுப்பு எந்த ஆண்டு படித்தாள், கடைசித் தம்பிக்கு எத்தனை வயது, அவனுக்கும் இவளுக்கும் எத்தனை வருஷ இடைவெளி என்று கேட்டால் கணக்குத் தானாக வந்துவிடும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் இளம்பெண்களை ஒப்பந்தத்தில் அமர்த்திய சுமங்கலித் திட்டம் என்ற பெயர் மறைந்தாலும், ஒப்பந்த முடிவில் மொத்தத் தொகை என்ற ஏற்பாடு வேறு பெயரில் இருக்கிறதா, இரவு ஷிப்டு உண்டா என்று விசாரிக்க வேண்டும். வயதை நிரூபிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு சொல்லும் வரிசை: பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. ஆதார் அட்டை அந்த வரிசையில் இல்லை.

முகம், பெயர், ஊர் எதையும் வெளியிட்டால் அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவில் நீங்களே குற்றவாளி. வேலையிடத்தில் படம் எடுக்காதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அடி வாங்குவது குழந்தைதான். பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், அறிக்கை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இதைக் களப்பணியாளர் எல்லோரிடமும் போகும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மீட்பு உங்கள் வேலையில்லை. கண்காணிக்கப் போனவர் ரெய்டுக்குத் துணை போனால் அடுத்த முறை அந்த ஊரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

படி 6: மதிப்பிட்டு, உரிய இடத்தில் சேருங்கள்

முயற்சியையும் விளைவையும் தனித்தனியாக எழுதுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை நாடுகளைக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், மிதமான முன்னேற்றம், குறைந்தபட்ச முன்னேற்றம், முன்னேற்றமின்மை என்று வகைப்படுத்துகிறது. அது அரசு அந்த ஆண்டில் என்ன செய்தது என்பதை அளக்கிறது. எத்தனை குழந்தைகள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்பதை அல்ல. இந்தியா பல ஆண்டுகள் 'மிதமான' படியிலேயே இருந்திருக்கிறது. அந்தச் சொல்லை மேற்கோள் காட்டி 'நிலைமை பரவாயில்லை' என்று எழுதுபவர்கள் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம். சட்டம், அமலாக்கம், ஒருங்கிணைப்பு, கொள்கை, சமூகத் திட்டங்கள் என்று அந்த அறிக்கை பிரித்துக்கொள்ளும் ஐந்து தலைப்புகள் மட்டும் எடுத்துக்கொள்ளத் தக்கவை. ஒவ்வொன்றின் கீழும் 'சென்ற ஆண்டு நிலை, இந்த ஆண்டு நிலை, ஆதாரம்' என்று மூன்று வரி போதும். மதிப்பெண் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 62-க்கும் 65-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்கு, அந்த அமைப்பின் சாசனத்தின் 22-ஆம் பிரிவுப்படி, இந்திய அரசு அறிக்கை அனுப்ப வேண்டும். அடிப்படை உடன்படிக்கைகளுக்கு இது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 23-ஆம் பிரிவுப்படி அதன் நகலை முதலாளிகள், தொழிலாளர்கள் அமைப்புகளுக்குத் தர வேண்டும். தொண்டு நிறுவனம் நேரடியாகக் கருத்து அனுப்ப முடியாது. தொழிற்சங்கம் வழியாகத்தான் முடியும். எனவே ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி, எச்எம்எஸ், பிஎம்எஸ் போன்ற மத்திய சங்கம் ஒன்றோடு முன்கூட்டியே பேசுங்கள். கருத்துகள் செப்டம்பர் 1-க்குள் போய்ச் சேர வேண்டும். அறிக்கைகளை ஆராயும் அந்த அமைப்பின் நிபுணர் குழு நவம்பர்–டிசம்பரில் கூடும். அடுத்த ஜூன் மாநாட்டில் சில நாடுகளின் நிலை விவாதத்துக்கு வரும். குழு 'கவனிப்பு' என்று வெளியிடுவது கடுமையானது. 'நேரடிக் கோரிக்கை' என்பது கூடுதல் தகவல் கேட்பது. நீங்கள் அனுப்பும் தாள் ஆறு பக்கத்தைத் தாண்டாமல், உடன்படிக்கையின் பிரிவு எண்ணைத் தலைப்பாகப் போட்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் இணைப்பு எண்ணோடு இருக்கட்டும். ஆர்டிஐ பதில்கள்தான் அங்கே அதிகம் எடுபடும், ஏனென்றால் அவை அரசு தானே எழுதித் தந்தவை.

உள்ளூரிலும் ஒரு பிரதி போக வேண்டும்: ஆட்சியர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். உறுப்பினருக்குக் கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். நட்சத்திரமில்லாத கேள்வியாகப் போனாலும் அமைச்சகம் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும்.

படி 4-இல் நீங்கள் பின்தொடர்ந்த குழந்தைகளின் வரிசையை மூடிவிடாதீர்கள். ஆறாம் மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும், இருபத்து நான்காம் மாதத்திலும் அதே வரிசையை எடுத்து, பள்ளி வருகைப் பதிவேட்டையும் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணையும் பாருங்கள். குடும்பம் இடம்பெயர்ந்திருந்தால் சொந்த ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் எந்த மாவட்டத்துக்குப் போனது என்பது பதிவேட்டில் இருக்கும். அந்த மாவட்டத்தில் என்ன சூளை, என்ன ஆலை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதுங்கள்.